நிறுத்து என்று சொல்பவன்

சனிக்கிழமை காலை எட்டு மணி.
துலூத்தில் இன்னும் சரியாக விடியவில்லை.
இரும்புத்தாது ஏற்ற வந்த கப்பல்
பாலத்தைத் தூக்கச் சொல்லிக் கத்துகிறது,
நீளமாய் ஒன்று, குட்டையாய் ஒன்று.
அக்கா நாலு பென்சில்களைச் சீவி வைத்திருக்கிறாள்.
அப்பாவின் ஹாக்கி ஸ்டாப்வாட்ச் என் கையில்.

"அறிவியல். நாற்பது கேள்வி, முப்பத்தைந்து நிமிடம்.
ஏமாற்றக் கூடாது, ஒன்னி."
தலையாட்டுகிறேன்.
தலையாட்டுவது எனக்கு நன்றாக வரும்.

நூறு பேர் தட்டினால்
நாலு பேருக்குத் திறக்கும் கதவு அது.
அங்கே போய் எரிமலை படிக்க வேண்டுமாம் ஐலிக்கு.
நம் ஏரிக்கரைப் பாறையெல்லாம் எரிமலைக் குழம்புதான்,
ஆறி நூறு கோடி வருடம் ஆகிறது என்பாள்.
அவள் மட்டும் இன்னும் ஆறவில்லை.

ஐந்து நிமிடம் இருக்கும்போது
மேசையில் ஐந்து தட்டு தட்டுவேன்.
முடியும்போது மட்டும் வாயால் சொல்ல வேண்டும்.
தேர்வு அறையில் அப்படித்தானாம்.

நி.
அடுத்த எழுத்து
தொண்டையில் பூட்ஸ் கழற்றிக்கொண்டு நிற்கிறது.
நி. நி.
குனிந்த தலை நிமிராமல்
அவள் பென்சில் இன்னும் இரண்டு வட்டங்களைக் கறுப்பாக்குகிறது.
றுத்து.

முப்பத்தாறாம் கேள்வியில் இருந்தவள்
முப்பத்தெட்டில் நிற்கிறாள்.
மதிப்பெண்ணை ஃப்ரிட்ஜில் ஒட்டுகிறாள்.
அம்மா தினமும் அதைப் பார்த்துச் சிரிக்கிறாள்.
அதில் எத்தனை என்னுடையது என்று
நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

நவம்பரில் ஒரு நாள்
அவள் குளிக்கப் போனபோது லேப்டாப் திறந்தே இருந்தது.
நீ கடந்து வந்த ஒரு தடையைப் பற்றி எழுதுக,
அறுநூற்றைம்பது சொற்களுக்குள்.
முதல் வரி:
என் தம்பிக்குப் பேச்சு திக்கும்.

அந்தத் தடை நான்தானா?

முழுக்கப் படித்தேன்.
பிட்சாக் கடை வந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்களின் பெருமூச்சு வந்தது.
"அவனால் முடியவில்லை. அவனுக்காக நான் சொன்னேன்:
பெப்பரோனி.
இன்னொருவரின் குரலாக இருப்பதை அன்று கற்றேன்."

நன்றாகத்தான் எழுதியிருந்தாள்.
எனக்கே என்மேல் பாவமாக இருந்தது.

ஈரத் தலையோடு வந்து வாசலில் நின்றாள்.
என் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.
"ஒன்னி, அது வந்து..."
கையை உயர்த்தினேன். பொறு.

ப்.
ப்.
அவள் வாய் லேசாகத் திறந்தது, பழக்கம்.
மூடிக்கொண்டாள்.
கூந்தலிலிருந்து கம்பளத்தில் தண்ணீர் சொட்டியது.
ப். பை.
பைனாப்பிள்.
நான் அன்று சொல்ல வந்தது பைனாப்பிள்.

முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
"ஒரு வருஷமாகவா?"
தலையாட்டினேன்.

அன்றிரவு அவள் அறையில் விளக்கு வெகுநேரம் எரிந்தது.
என்ன எழுதினாள், என்ன அழித்தாள், தெரியாது.
நான் மறுபடி பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, அதே மேசை.
பாலம் தூக்கியிருந்தது, கப்பல் கத்தியது.
நி
என்றதுமே பென்சிலை வைத்துவிட்டாள்.
வட்டம் பாதி கறுத்து, பாதி வெள்ளையாய்க் கிடந்தது.
மேலே சொல் என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.
மீதியை மெதுவாகச் சொல்லி முடித்தேன்.

திருத்திக் கூட்டினாள். இரண்டு குறைவு.
ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு
ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.
நானும் சொன்னேன்.
அது எனக்கு ஒரு நாளும் திக்கியதில்லை.