கடைசி வரிக்கு அடுத்த வரி

கொட்பே ஐஸ் ஆலையின் கணக்கெல்லாம்
ஒரு சாம்பல் நிற லெப்டொப்பில் கிடந்தது.
வயது பதின்மூன்று. இடப்பக்கக் கீல் உடைந்து
காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் போட்டிருந்தார்கள்.
"புது சொப்ட்வெயார் இதில ஏறாதாம்,
புது சிஸ்டம் வேணுமாம்" என்றார் எமல்டா.
"புது மெசினே வாங்கலாமே?"
"முதலாளி சிரிப்பார்."

முதல் இரவு
பென் ட்ரைவைச் செருகினேன்.
இந்த வன்பொருளுக்கு ஆதரவில்லை என்றது.
அதற்குமேல் ஒரு சொல் இல்லை.
பிறகு நான் செய்ததன் பெயர் ஆள்மாறாட்டம்:
அதன் அடையாளத்தை அழித்து
மூன்று வருடம் இளைய ஒன்றின் பெயரை எழுதினேன்.
கேட்டது. நம்பியது. உள்ளே விட்டது.
பெயரை மாற்றிச் சொல்லிக் கடக்கிற வாசல்
இந்த ஊருக்குப் புதிதில்லை.

வெள்ளைக் கோடு பாதி தூரம் போனது.
நின்றது. திரை கறுத்தது.
மறுபடி இலச்சினை, மறுபடி கோடு, மறுபடி அதே பாதி.
பதினொரு தரம் எண்ணினேன்,
பிறகு எண்ணுவதை விட்டுவிட்டுத் தேத்தண்ணி போட்டேன்.

இரண்டாம் இரவு
கோட்டை மறைத்து எழுத்தைக் காட்டச் சொன்னேன்.
மார்கழி வெள்ளத்தில்
கொட்டியாரக் குடாவுக்குள் இறங்கும் மகாவலிபோல்
ஒன்றையும் பிரித்துப் பார்க்க விடாமல்
வெள்ளை எழுத்து கறுப்பில் ஓடியது.
அரைச் செக்கன்.
பிறகு ஒன்றுமேயில்லை.

கீழ்க்கடையில் கொத்து போடுகிற ஜெஸீலின் போன் நல்லது,
மெதுவாக்கிப் படம் பிடிக்கும்.
அரைச் செக்கனை எட்டுச் செக்கனாக விரித்துப் பார்த்தோம்.
"நிப்பாட்டுங்க அக்கா! இதுதான் கடைசி."
கடைசி வரியில் புளூடூத்.
ஜெஸீல் உடனே தீர்ப்பையும் சொல்லிவிட்டான்.
புளூடூத்தைக் கழற்றினேன்:
இப்போது கடைசி வரியில் வைஃபை.
அதையும் கழற்றினேன்: கமரா.
றாமின் பல்லை அழிரப்பரால் தேய்த்தேன்,
இடம் மாற்றிக் குத்தினேன், ஊதினேன்.
மேசையில் பாகங்கள் கூடக்கூட
மெசின் இன்னும் கெதியாகச் செத்தது.

விடியப்புறம் பஸ் நிலையப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
படியடியில் நான் வைத்த அட்டைப்பெட்டியை
மென்றுகொண்டு நின்றது.
அதுவரை சோதித்த கட்டளைகளை எல்லாம்
அந்தப் பெட்டியின் மூடியில்தான் எழுதியிருந்தேன்.
புல்லுக்கென்று செய்த வயிறு
பசையையும் மையையும் வாங்கிக்கொண்டது.
ஒரு தடவை என்னைப் பார்த்தது.
மற்றக் காதையும் கிழித்தது.

குறிப்பு போனதால் மூன்றாம் இரவு
வெறுங்கையோடு தொடங்கினேன்.
ஜெஸீலின் பில் போடும் மெசினை மேலே தூக்கிவந்தோம்.
அதற்கும் வயதுதான், ஆனால் எழும்புகிறது.
அதன் வரிகளையும் படம் பிடித்து
இரண்டு படங்களையும் அருகருகே வைத்து
ஒவ்வொரு வரியாகக் கீழிறங்கினேன்,
பரீட்சையில் பார்த்தெழுதுகிற பிள்ளைமாதிரி.
அங்கே கமராவுக்குப் பிறகு கிராபிக்ஸ் வந்தது.
இங்கே கமராவுக்குப் பிறகு இருட்டு.

கடைசியாகப் பேசியது
விழுந்த இடத்தில் நின்றது, அவ்வளவுதான்.
விழுத்தியது வாயே திறக்கவில்லை.
புளூடூத்திடம் மன்னிப்புக் கேட்டேன், சத்தமாகவே.
ஜெஸீல் ஒருமாதிரிப் பார்த்தான்.

ஒரு சொல் சேர்த்தேன்:
படத்தைப் பழைய முறையிலேயே வரை,
கெட்டித்தனம் காட்டாதே.
மூன்று நாற்பதுக்குக் கோடு பாதியைத் தாண்டியது.
நான் மூச்சு விடவில்லை.
கரண்ட் போகும் என்று நினைத்தேன். போகவில்லை.

காலையில் எமல்டாவுக்குச் சொன்னேன்:
வெளிச்சத்தைக் குறைக்க ஏலாது.
ஜன்னலை இழுத்தால் பின்னால் வால் இழுபடும்.
அப்டேட் கேட்டால், கெஞ்சிக் கேட்டாலும், அமத்தாதீங்கோ.
நித்திரைக்கு மட்டும் விடாதீங்கோ,
விட்டால் திரும்ப எழும்பாது.

"நித்திரை கொள்ளக்கூடாது, அவ்வளவுதானே?
எங்கட ஆலையில ஆர்தான் கொள்ளுறது"
என்று ஆயிரத்தைந்நூறை வைத்துவிட்டு
லெப்டொப்பை மீன் தட்டுப்போல்
இரண்டு கையிலும் ஏந்திப் படியிறங்கினார்.

மேசையில் மூன்று திருகாணி மிச்சம்.
எங்கே கழற்றியதென்று நினைவில்லை.
கூப்பிடலாம், இப்போதுதான் சந்தி திரும்புகிறார்.
கூப்பிடவில்லை.
அது எழும்பியிருக்கிறது.