பாலத்தடிக் கதிரை

டூங்காபியில் எங்கள் கராஜுக்கு
வெள்ளி ஒரு முகம், ஞாயிறு ஒரு முகம்.
மேசை ஒன்றுதான். வரைபடமும் ஒன்றுதான்.
சோம்பல்.
ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்கிறவளுக்கு
இரண்டு உலகம் வரைய நேரம் ஏது?
ஒரே ஆறு, ஒரே மலை,
ஒரே பாலம்,
பாலத்தடியில் காசு கேட்கும் ஒரே குட்டிப்பூதம்.

வெள்ளிக்காரர் செருப்பைக் கழற்றமுன்பே சிரிப்பார்கள்.
கஜரூபனின் மந்திரவாதிக்கு மந்திரம் மறந்துபோகும்;
மன்னிப்புக் கேட்டே மூன்று கோட்டை பிடித்தவன்.
ஆரபியின் வீராங்கனை ஆட்டில் ஏறித்தான் போருக்குப் போவாள்.
ஆட்டுக்கும் தனியாக ஒரு கேரக்டர் ஷீட்.
விதிப்புத்தகம் பீட்சாப் பெட்டிக்கு அடியில் கிடக்கும்,
மேசையில் சூடு படாமல்.

பூதம் காசு கேட்டது.
"இடுப்பு வலியோ?" என்றாள் ஆரபி,
நான் குனிந்து பேசியதைப் பார்த்து.
உண்மையில் அது என் இடுப்பு,
பன்னிரண்டு மணித்தியாலம் நின்ற இடுப்பு.
ஓம் என்றது பூதம்.
பேர் கேட்டார்கள். என்னிடம் பேர் இல்லை.
அலமாரியில் பசளைப் பை தெரிந்தது.
"பொட்டாசு" என்றேன்.
ஊருக்குள் திரும்பிப்போய், விலை பேசி,
ஏழு வெள்ளிக்காசுக்கு
முதுகு சாயும் கதிரை ஒன்று வாங்கிவந்து
பாலத்தடியில் வைத்தார்கள்.
அன்று வரவேண்டிய டிராகன் வரவில்லை.
ஒருவரும் கவனிக்கவும் இல்லை.

ஞாயிறு வேறு.
ஜனவரி வெக்கையிலும் துவாரகன் விளக்கை அணைத்து
மெழுகுதிரி ஏற்றுவான்.
யதுர்ஷா எல்லாம் எண்ணுவாள்: அம்பு, அடி, எண்ணெய், மூச்சு.
ஹாமிஷ் தன் பாத்திரத்தின் செத்துப்போன தம்பிக்கு
மூன்று பக்கக் கடிதம் வைத்திருக்கிறான்.
வாசிக்கையில் குரல் தளும்பும்;
நாங்கள் மேசையைப் பார்ப்போம்.
வெளியே சில்வண்டு, உள்ளே பகடை.
தாயக்கட்டையில் ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும்.
இங்கே ஒன்று விழுந்தால் வாள் நழுவும்,
சிலவேளை ஆளும்.

ஒருமுறை ஆள் குறைந்ததென்று
கஜரூபனை ஞாயிறுக்குக் கூப்பிட்டேன்.
சவ ஊர்வலத்தின் நடுவில் ஆடு எங்கே என்று கேட்டான்.
யதுர்ஷா பிஸ்கட் தட்டை அவன்பக்கம் தள்ளினாள்.
இரக்கமா தண்டனையா, இன்னும் தெரியாது.
இரண்டு விசிறி போட்டால் பகடை பகிடியாகிவிடும்;
எங்கே போடுவது என்பதில்தான் மனிதர் பிரிகிறார்கள்.

பாலம்.
பூதம் காசு கேட்டது.
யதுர்ஷா சொன்னாள்: இருபது அடி, ஒற்றை ஆள், கவசம் இல்லை.
துவாரகன் சொன்னான்: ஓடிப்போய்த் தகவல் சொல்லும்.
அம்பு. பதினேழு.
காயம் எட்டு.
பூதத்துக்கு இருந்தது ஏழு உயிர்ப்புள்ளி.
விதிப்படி ஒரு பிழையும் இல்லை.
நான் சொல்லவேண்டியது ஒரே வரி:
பூதம் விழுகிறது.
அதைச் சொல்லத் தண்ணீர் குடிக்கவேண்டியிருந்தது.

"உடம்பில் என்ன இருக்கு?"
குறிப்பில் இருந்ததை வாசித்தேன்.
நான்கு செப்புக்காசு, துருப்பிடித்த கத்தி.
பிறகு குறிப்பில் இல்லாதது:
பாலத்தடியில் ஒரு கதிரை.
முதுகு சாயும் கதிரை.
இருந்த சூடு இன்னும் ஆறவில்லை.

கராஜ் கதவுக்கு அப்பால் ஒரு ரயில் போய் முடிந்தது.
ஹாமிஷ் பென்சிலை எடுத்து
தன் பொருட்பட்டியலில் எழுதினான்: கதிரை, ஒன்று.
எதற்கு என்று துவாரகன் கேட்டான்.
தெரியாது என்றான்.
யதுர்ஷா எடை பார்த்தாள். பதினைந்து றாத்தல்.
சுமப்பதானால் இரண்டு நாள் சாப்பாட்டை
இங்கேயே விடவேண்டும்.
விட்டான்.

அடுத்த வெள்ளி,
ஆட்டிலிருந்து இறங்கமுன்பே ஆரபி கேட்டாள்:
"பொட்டாசுக்கு இடுப்பு எப்படி?"

"பரவாயில்லை" என்றேன்,
குனிந்து,
கொஞ்சம் பிந்தி.