ரெஜி போனபின் வந்தவற்றில்

இருந்தபோது மூன்றே இசைத்தட்டு.
போனபின் பதினொன்று.
"மண்ணுக்குள்ள போனதும்தான் ஆளுக்குச் சுறுசுறுப்பு வந்துச்சு"
என்பான் ரோஸ்லான். வருடா வருடம் இதே நக்கல்,
வருடா வருடம் சிரிக்கிறோம்.

பெனின்சுலா பிளாசா,
ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் அவன் கடை,
ஷட்டர் பாதி இறங்கியிருக்கும்.
ஆகஸ்ட் பதினேழு, மாலை ஏழு மணி.
ஐந்து பேர். போன வருடமும் ஐந்துதான்,
ஒருவருக்குப் பதில் இப்போது அவர் மகன்.

கெங் ஹுவாட்டுக்கு முதல் தட்டு,
'செம்பவாங்கில் கடைசி இரவு'.
அது கடைசி இரவே அல்ல.
அதற்குப் பிறகும் பதினான்கு மாதம் வாசித்தான் ரெஜி சவரிநாதன்.
செத்தவன் வாசித்ததில் 'கடைசி' என்று ஒட்டினால்
இரண்டு வெள்ளி கூடப் போகும், கம்பெனிக்காரன் ஒட்டினான்.
ஹுவாட்டுக்கு எல்லாம் தெரியும். இருந்தாலும்
நியூசிலாந்துச் சிப்பாய்கள் போத்தலால் மேசை தட்டும் இடம் வந்தால்
கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.

ரோஸ்லானுக்கு ஐந்தாவது.
பாதிக்குப் பெயரே கிடையாது, 'பெயரில்லை நான்கு' என்று ஒன்று.
முடி நீளம் என்று தபால் நிலையத்தில்
கடைசி ஆளாய் நிற்கவைத்த நாளின் கோபம்
அதில் கேட்கிறதாம்.
எனக்குக் கேட்பது சுருதி சேராத கிட்டார்.

திருமதி டி குரூஸுக்கு எதுவும் பிடிக்காது.
வெந்துகொண்டிருக்கும் சட்டியை
அடுத்தவன் திறந்து பார்ப்பதா என்பார்.
ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்குவார்,
ஒன்றைப் பிரிக்கவே மாட்டார்.

எனக்கு நான்காவது, இரண்டாம் பக்கம்.
தோ பாயோ அடுக்குமாடி வீட்டில், அவனே டேப் போட்டுப் பதிந்தது.
நான்காம் நிமிடத்தில் விரல் ஒரு கட்டம் தள்ளி விழுகிறது.
தப்பு. சந்தேகமே இல்லை.
நிறுத்தவில்லை அவன்.
அதே தப்பை மறுபடி அழுத்துகிறான், மூன்றாம் தடவையும்,
சொல்லாமல் வந்துவிட்ட விருந்தாளிக்கு
நாற்காலி இழுத்துப் போடுவதுபோல.
அந்நேரம் பார்த்துக் கீழ்வீட்டுக்காரர்
துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிறார்.
ரெஜி அந்த இடிக்கும் பதில் வாசிக்கிறான்.

இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டினேன்.
காலை ஐந்தரைக்கு முதல் ஓட்டம்.
சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம்
முணுமுணுத்தது அந்தத் தப்பைத்தான்.

இந்த வருடம் பதினோராவது.
பழைய நாடாக்களைக் கணினியில் கழுவி எடுத்ததாம்,
அறுபத்தெட்டு வெள்ளி.
ரோஸ்லான் ஊசியை வைத்தான்.
நான்காம் நிமிடம் வந்தது.
விரல் சரியான கட்டத்தில் விழுந்தது.
கீழ்வீட்டுக்காரர் இல்லை.
அவருக்குப் பதில் சொல்லும் இடங்களில்
ரெஜி எதற்கென்றே தெரியாமல் நின்று நின்று போனான்.

ஹுவாட் கறிபஃப்பைக் கடிக்காமல் பிடித்திருந்தார்.
நான் வாயைத் திறக்கப் போனேன்.
தெய்வநாயகத்தின் மகன் முன்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்,
மயிர்க்கால் எழும்பி நின்றிருந்தது,
ரெஜியை அவன் கேட்பது இதுவே முதல் தடவை.
அதை நான் பார்த்தேன்.
பார்க்காமல் இருந்திருந்தால் நன்றாகத் திட்டியிருக்கலாம்.

அப்பாவின் தட்டுகளை
அரிசிப் பெட்டி ஒன்றில் போட்டுக் கொண்டுவந்திருந்தான்.
விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று தெரியாமல்.
"அப்பாவுக்கு இதில் எது பிடிக்கும்?"
எங்களைக் கேட்டான்.
வீட்டில் அவர் ஹெட்ஃபோன் போட்டுத்தான் கேட்பாராம்.
கால் விரல் மட்டும் ஆடுமாம்.

"முதல் தட்டு" என்றார் ஹுவாட், யோசிக்காமல்.
"அஞ்சாவது. எங்கிட்டயே சொன்னார்" என்றான் ரோஸ்லான்.
திருமதி டி குரூஸ் தே ஓ பையை உறிஞ்சினார்.

நான் நான்காவது என்றேன்.
தெய்வநாயகத்துக்கு
நான்காவதைக் கண்டாலே ஆகாது.

பையன் அதை உருவி
மடியில் வைத்துக்கொண்டான்.