மே மாதத்து இலை

சுங்கை பூலோ நர்சரியில்
முப்பத்தெட்டு ரிங்கிட்.
பின்சீட்டில் தொட்டியை உட்கார வைத்து
பெல்ட்டும் போட்டுவிட்டேன்.
"அந்தக் காசுக்குப் பாக்கெட் இலை
பத்து வருசத்துக்கு வரும்" என்றார் நகுலன்.
டோல் தாண்டும்வரை
அதையே வேறு வேறு சொற்களில்.

செந்தூல் அடுக்குமாடி, பதினோராம் மாடி.
வெயில் ஒன்பதரைக்கு வந்து
பதினொன்றுக்குப் போய்விடும்.
குளிர்தேசத்துச் செடியாம்.
எங்கள் வீட்டில் குளிர்வது
ஃப்ரிட்ஜ் ஒன்றுதான்.

முதல் மூன்று மாதம் அது
வளரவும் இல்லை, சாகவும் இல்லை.
விருந்துக்கு வந்த வீட்டில்
செருப்பைக் கழற்றாமல் நிற்கிற
சம்பந்தி மாதிரி நின்றது.

எதிர்வீட்டு ரொஹாயா
கேட் கம்பி வழியே பார்த்துச் சிரித்தாள்:
"இது டாவுன் சலாம் இல்லையே!"
இல்லைதான்.
மறுநாள் அவள் தங்கை வீட்டு மரத்திலிருந்து
ஒரு கொத்துச் சலாம் இலை
பிளாஸ்டிக் பையில் என் கேட்டில் தொங்கியது.
கோழிக்குழம்பில் போட்டேன்.
நன்றாகத்தான் இருந்தது.
செடியிடம் சொல்லவில்லை.

கடைப் பாக்கெட் இலையில்
மூன்று நரம்பு நீளவாக்கில் ஓடும்,
அது பட்டைக்குச் சொந்தம்.
என் செடி இலையில் நடுவே ஒன்றே ஒன்று,
இருபுறமும் கிளைச்சாலைகள்.
"அப்போ இது பிரிஞ்சியே இல்லையா?"
நகுலன் குரலில் ஒரு சின்னச் சந்தோசம்.
பெயர் ஒன்று, ஆள் வேறு.
என் வகுப்பில் மூன்று புவனேஸ்வரிகள் இருந்தோம்,
யாரும் யாரையும் பொய் என்றதில்லை.

பிப்ரவரியில் இலையடியில் செதில்பூச்சி.
நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த கண்ணோடு
பழைய பல் பிரஷ், சோப்புத் தண்ணீர்.
வார்டில் யார் யார் முதுகையோ
துடைத்துவிட்டு வந்த கைதான்.
இதுவும் முதுகுதான்,
கொஞ்சம் வழவழப்பு.

மார்ச்சில் நாலு நாள் தண்ணீர் வெட்டு.
லாரி நின்ற இடத்திலிருந்து
வாளி வாளியாய் லிஃப்டில் ஏற்றினோம்.
அரிசி கழுவிய நீரில் ஒரு கோப்பை செடிக்கு.
நகுலன் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் முகம் கழுவிய நீரை
மக்கில் பிடித்து அவர் ஊற்றியதை
நானும் பார்க்கவில்லை.

மே மாதம்
நுனியில் வெளிர்பச்சையாய் மூன்று தளிர்.
அதைக் கண்ட பிறகுதான்
அடியில் மூத்த இலை நாலைப் பறிக்கத் துணிந்தேன்.
பச்சையாய்க் கடித்தால் கசப்பு,
தைலப் புட்டியை நாக்கில் திறந்தது போல.
காய வேண்டும்.
இந்த ஊர்க் காற்றில் காயப்போட்டதெல்லாம்
பூசணம் பூக்கும்.
மின்சார பில்லுக்குள் மடித்து
அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன்.

பதினைந்து நாள் கழித்து
இலையை எடுத்துக்கொண்டு பில்லைக் கொடுத்தேன்.
கட்டிவிட்டு வந்து சொன்னார்:
"கவுண்டர்ப் பொண்ணு காகிதத்த மோந்து பாத்துட்டு
வீட்டுல என்ன விசேஷம் அங்கிள்னு கேக்குது."
நூற்றுப் பன்னிரண்டு ரிங்கிட்டைவிட
அந்த 'அங்கிள்'தான்
அவருக்கு அதிகம் பட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பால் சோறு.
நெய் காய்ந்து, ஏலம் வெடித்ததும்
இரண்டு இலை. ஓரம் சிவந்து லேசாகச் சுருண்டன.
புகை ஏறும் முன்னே அரிசி.
மூடியைத் திறக்காமலே
எதிர்வீட்டுக் கதவு திறந்தது.
ரொஹாயாவுக்கு ஒரு கிண்ணம்,
ஓர் இலை மேலாகத் தெரியும்படி.

மற்றது நகுலன் தட்டில் விழுந்தது.
மிளகாய்க் காம்பும் பட்டைத் துண்டும் போகும்
ஓரத்துக்கு அதுவும் போகும் என்று
ரசக் கரண்டியோடு பார்த்து நின்றேன்.
இரண்டு விரலால் எடுத்து
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
ஒட்டியிருந்த பருக்கைகளைத் தின்றார்.
"இது மே மாசம்" என்றார்.
பிறகு, குனிந்தபடியே:
"ஜூன் பில் வந்துருச்சு.
டிவி மேல வச்சிருக்கேன்."