விளக்கு என் பொறுப்பு

ஹீலோ மாவட்ட மன்றத்தில்
சட்டம் எழுத ஒன்பது பேர்.
என்னிடம் மூன்று பொத்தான்கள்:
பச்சை, மஞ்சள், சிவப்பு.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
கடவுளே வந்தாலும் மூன்றுதான் என்று
வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னார்கள்.

மரபணு மாற்றிய பயிர்
இந்தத் தீவில் இனி வேண்டாம் என்று
ஒன்றரைப் பக்க மசோதா.
வெளியே மழை.
ஹீலோவில் மழை என்று சொல்வது
வானம் மேலே இருக்கிறது என்று சொல்வது மாதிரி.

தக்காளி வேடத்தில் வந்தவனுக்கு
முதுகில் மீன் துடுப்பு.
நாற்காலியில் சாய முடியாமல்
மதியம்வரை நின்றான், பாவம்.
விதை ஆய்வாளர் நகாசோனே
முப்பது வருடத்தை மூன்று நிமிடத்தில் திணிக்கப் பார்த்து
'புரதம்' என்ற சொல்லில்
சிவப்பில் மாட்டிக்கொண்டார்.
சேம்பு எங்களுக்கு மூத்த அண்ணன் என்றாள் கெயாலா.
அண்ணனுக்கு யாராவது
காப்புரிமை வாங்குவார்களா?
அவளுக்குக் கைதட்டியவர்களை
இரண்டு முறை அடக்க வேண்டியிருந்தது.

மாலை ஆறுக்கு எவரிஸ்டோ பலஃபாக்ஸ்.
புனாவில் பப்பாளி போடுகிறவர்.
"வளையப்புள்ளி நோய் வந்த வருடம்
நானூறு மரத்தை நானே வெட்டினேன்.
பிறகு இந்த விதை வந்தது. மரம் நின்றது.
போன மாதம் ராத்திரி யாரோ வந்து
நூற்றுப் பதினெட்டை வெட்டிப் போட்டார்கள்.
பப்பாளித் தண்டு உள்ளே வெற்றுக் குழல்,
ஒரு வீச்சு போதும்.
நோய்கூட முதலில் இலையில் வந்து
சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கும்."
மஞ்சள்கூட வரவில்லை. நன்றி சொல்லி உட்கார்ந்தார்.
மிச்சம் அறுபத்தைந்து நொடி.
அதை இன்னொருவருக்குக் கொடுக்க
விதியில் இடமில்லை.

பேச வருகிறவர்கள் சீட்டில் குறிக்க வேண்டும்:
ஆதரவு. எதிர்ப்பு.
கூட்டிப் பார்த்தேன், இரவு பதினொன்று நாற்பதுக்கு.
ஒரு சீட்டில் இரண்டு கட்டமும் காலி.
கீழே பென்சிலில்:
"பள்ளிக்கூடச் சமையலறையில் பழம் நறுக்குகிறேன்.
இது எந்தப் பழம் என்று பிள்ளைகள் கேட்டால்
நான் என்ன சொல்லட்டும்?"
பெயர் மரிவிக் ஒலிவேரோஸ்.
இரண்டு முறை கூப்பிட்டார்களாம்.
கடைசிப் பேருந்துக்குப் போய்விட்டாள்.

ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறது கணினி.
தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கம் போக விடாது.

என் டப்பாவில் பாதிப் பப்பாளி,
எலுமிச்சை பிழிந்தது.
எந்த விதை என்று சந்தையில் நானும் கேட்கவில்லை.
பசி. தின்றேன்.
விரலை நக்கிவிட்டு
காலிக் கூடத்தில் பச்சையைப் போட்டேன்.

துடைப்பத்தோடு வந்த ருஃபீனோ
ஒலிவாங்கியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"இப்போது யார் பேசுகிறார்கள்?"

உஷ் என்றேன்.
அதற்குள் மஞ்சள் வந்துவிட்டது.