பாக்கிக்கு வந்த வண்டி

மோகனசுந்தரம் தரவேண்டிய
ஆறு லட்சத்து நாற்பதாயிரத்துக்குப் பதில்
இது வந்தது.
சிவப்பு. இரண்டே சீட்டு. துணிக்கூரை.
சாவியை நீட்டியவர் வேறெதுவும் பேசவில்லை,
"ரெண்டாவது கியர் மட்டும் காலைல விழாதுங்கக்கா,
ஒண்ணுலருந்து மூணுக்குப் போயிருங்க."

அவர் கம்பெனி பேர் அச்சடித்த அட்டைப்பெட்டி
நாலாயிரம் என் குடோனில் நின்றுபோனது.
வேறு யாருக்கும் ஆகாது.
ராத்திரிக்கு ஒன்றைப் பிரித்து
வண்டிக்கடியில் விரிக்கிறேன்.
விடிந்தால் அதில் எல்லாம் எழுதியிருக்கும்.
கறுப்புச் சொட்டா, வால்வு மூடி ரப்பர் காய்ந்துவிட்டது.
பச்சையா, ரேடியேட்டர்.
வெறும் தண்ணீரா, ஏசி வேலை செய்கிறது, சந்தோஷப்படலாம்.
டயரோரம் பிசுபிசுவென்று
தொட்ட விரலின் நகப்பூச்சைக் கரைத்தால்
பிரேக் ஆயில்.
அன்றைக்கு நான் பஸ்ஸில் போவேன்.

காலடி மேட் மட்டும் எப்போதும் ஈரம்.
சிக்கந்தர் கூரையை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார்,
"ஊத்துங்க அம்மணி" என்றார்.
காங்கேயம் ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்க
ஒரு மனுசனை காரோடு குளிப்பாட்டினேன்
முக்கால் மணி நேரம்.
சீட்டுக்குப் பின்னால், கூரை மடங்கும் பள்ளத்தில்,
பக்கத்துக்கொரு துளை.
தண்ணீர் இறங்கிப் போக வைத்தது.
சைக்கிள் பிரேக் கம்பியை விட்டுச் சுழற்றி இழுத்தார்:
வேப்பம்பூ, ஒரு மினி பஸ் டிக்கெட்,
அப்புறம் பஞ்சு,
பனியன் பஞ்சு,
விரல் தடிமனுக்குத் திரியாகத் திரண்டு
வந்துகொண்டே இருந்தது.
வாசல்படித் தகரத்தை அழுத்திப் பார்த்தேன்.
முறுக்கு மாதிரி விட்டுப்போனது.

புதுக் கூரைக்குச் சென்னையில் ஒன்றே முக்கால் லட்சம் சொன்னார்கள்.
பிபின் இருபது நாளில் தைத்தான்.
ஒடிசாக்காரன், பக்கத்துக் கம்பெனியில் பை தைக்கிறவன்,
ஷிப்ட் முடிந்து, ராத்திரியில்.
சங்ககிரி லாரித் தார்ப்பாய், இரட்டை ஊசி,
மஞ்சளாகிப்போன பின்கண்ணாடிக்குப் பதில்
மேசைக்கு விரிக்கிற கனத்த பிளாஸ்டிக்.
தையல் ஒரு குறை சொல்ல முடியாது.
ஆனால் பீச்சாங்கைப் பக்கக் கொக்கி எட்டவில்லை.
அரை இஞ்ச்.
"வெயில்ல நிக்கட்டும்ங்க, இழுத்துக் குடுக்கும்"
என்றான், இந்த ஊர்த் தமிழில்.
சொல்லி வைத்தாற்போல்
அந்த வாரம் வெயிலே அடிக்கவில்லை.

பல்லடத்தில் வசூல் முடித்துத் திரும்புகிறேன்.
பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்துவிட்டது மழை.
ஒற்றைக் கொக்கியில் கூரை படபடவென்று அடிக்க
இறங்கி, மடித்து, பின்னால் தள்ளினேன்.
சிக்கந்தர் ஒருமுறை சொன்னது:
"அறுவதுக்குக் கொறைக்காதீங்க,
மழை தலைக்கு மேலயே போயிரும்."
போனது.
சத்தியமாகப் போனது.
முன்கண்ணாடியில் ஏறி என்னைத் தாண்டி
டிக்கியில் விழுந்தது மழை.
ஒரு சொட்டு இல்லை என்மேல்.
ஐம்பத்துமூன்று வயதில், தனியாக,
வாய்விட்டுச் சிரித்தேன்.

வீரபாண்டிப் பிரிவில் சிக்னல் விழுந்தது.
தொண்ணூறு வினாடி.
செக்கை உட்கார்ந்த இடத்துக்கடியில் வைத்துக்கொண்டேன்.
பக்கத்தில் வந்து நின்ற கம்பெனி வேனில்
ஜன்னலோரம் ஒரு பொண்ணு
குனிந்து கேட்டது,
"மூடி இல்லீங்களாக்கா?"
"இருக்குது கண்ணு. அரை இஞ்ச் பத்தல."
அது சிரிக்கவில்லை.
அரை இஞ்ச் பத்தாமல் எத்தனை பீஸ் திரும்பி வரும் என்று
அதுக்குத் தெரியும்.

காலையில் அட்டையை இழுத்துப் பார்த்தேன்.
துளைகளுக்கு நேர்க்கீழே
இரண்டு ஈர வட்டம். மேட் காய்ந்திருக்கிறது.
நடுவில் மோகனசுந்தரம் கம்பெனிப் பேரின் மேல்
நேற்றைவிடச் சின்னதாய்
ஒரு கறுப்புச் சொட்டு.

இன்னும் மூவாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் பெட்டி இருக்கிறது.