நனையாத மணிகள்

மூன்றாம் தடவையும் நனைந்துவிட்டது.
குழலைத் திறந்தால்
பிளாற்றினம் ஏறிய கரித்தூள்
மழைக்குப் பிந்திய வெள்ளவத்தை வாய்க்கால்போல
கறுத்துக் குழைந்து கிடக்கிறது.

கீழிருந்து ஐதரசன் ஏறவேண்டும்.
மேலிருந்து தண்ணீர் இறங்கவேண்டும்.
வழியில் இருவரும் கைமாற்ற இருப்பது
ஒரேயொரு நியூத்திரன் கனம்.
அதற்குள் தண்ணீர்
உலோகத்தின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுகிறது.
வாயு தட்டித் தட்டிப் பார்த்து, குமிழாகி,
புகைக்கூண்டு வழியே
ரீட் அவெனியூ மழைக்குள் போய்விடுகிறது.
அவ்வளவு விலை கொடுத்த பிளாற்றினம்
சும்மா குளிக்கிறது.

வீரக்கோன் குழலை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
"வத்துர எப்பா மிஸ். ஹுமாலய விதரய்."
தண்ணீர் வேண்டாம், ஆவி மட்டும்.
எழுபது பக்க முன்மொழிவில் நான் சொல்ல முயன்றது
அவருக்கு ஐந்து சொல்.

ஒருகொடவத்தையில் சுங்கம் ஆறு கிழமை வைத்திருந்த
ரெஃப்லோன் பொடியைக் கரியோடு பிசைந்து,
மணி மணியாய் உருட்டி,
இரவல் நைதரசன் ஓட
முந்நூற்று அறுபது பாகையில் சுட்டோம்.
இரண்டாம் மணித்தியாலம் கரண்ட் போனது.
ஜெனரேற்றர் வர ஒன்பது நிமிஷம்.
நான் எந்தக் கடவுளையும் கூப்பிடவில்லை;
வீரக்கோன் யாரையோ கூப்பிட்டார், மெதுவாய்.

காலையில் ஒரு மணியின் மேல் ஒரு துளி விட்டேன்.
நிற்கவில்லை.
உருண்டு, மேசை விளிம்பில் கொஞ்சம் யோசித்து,
என் செருப்பில் விழுந்தது.

தாமரையிலைத் தண்ணீர் என்று
ஒட்டாத மனிதரைக் குறை சொல்கிறோம்.
எதிர் ஃபிளற்றில் இருப்பவளோடு
நாலு வருஷமாய் எனக்கு ஒரு பேச்சும் இல்லை.
அவள் கருவாடு பொரிக்கும் நாளில்
என் சோற்றில் அந்த ருசி இறங்கிவிடுகிறது.
கதவு இரண்டும் பூட்டித்தான் இருக்கின்றன.

தண்ணீருக்கும் இருக்க ஓரிடம் வேண்டுமே.
புறக்கோட்டையில் பேரம்பேசிய
சட்டி தேய்க்கும் கம்பிச்சுருளைத் துண்டாக்கி
மணிகளுக்கிடையில் திணித்தோம்.
அதில் அது படரட்டும், ஆசைதீர நனைக்கட்டும்.
அங்கிருந்து எழும் ஆவி மட்டும்
மணிகளின் நுண்துளைக்குள் போய்,
காத்திருக்கும் வாயுவிடம்
பாரமானதை வாங்கி, இலேசானதைக் கொடுத்து,
திரும்பி வந்து தண்ணீராகும்.
என்று நம்புகிறேன். பார்த்தவர் யாருமில்லை.

பாடப்புத்தகத்தில் அதன் பெயர் சமதானி.
அட்டவணையில் ஒரே கட்டம்,
தராசில் வேறு ஆள்.

எட்டுச் சின்னப் போத்தல்களோடு
138இல் ஹோமாகம போகிறேன், நிறைமானிக்கு.
நுகேகொடையில் கொண்டக்டர் ஒன்றைத் தூக்கினார்.
"மே மொனவாத?"
வத்துர, என்றேன்.
கொஞ்சம் பாரமான வத்துர.
உள்ளங்கையில் ஏற்றி இறக்கிப் பார்த்தார்.
நம்பவில்லை.
தந்த மிச்சக்காசில் பத்து ரூபாய் குறைந்தது.
நான் கேட்கவில்லை.
மடியில் போத்தல்கள் ஒன்றோடொன்று கிலுங்க
ஹைலெவல் வீதியில் மழை பிடித்துக்கொண்டது.